முஸ்தபாவின் முதுகு

வேல்முருகன் முஸ்தபாவுக்கு இரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். பிரவுன் பெல்ட் பரீட்சைக்குக் கட்டின பணம். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, சாட்சி கிடையாது. ஒரு வருஷம் நாலு மாசம் அந்தக் கடன் அப்படியே கிடந்தது. அத்தனை நாளும் முஸ்தபா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேல்முருகனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கேட்காமல் இருந்தானே, அதுதான் விரலில் ஏறின ஊசி மாதிரி குத்திக்கொண்டே இருந்தது.

அவன் ஆயுசில் பட்ட ஒரே கடன் அது. சும்மா சொல்லவில்லை. குமுளி பஸ் ஸ்டாண்டில் இறங்கி 'வேல் டெய்லர்ஸ்' எங்கே என்று கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டு பஸ் டிரைவரும் கை காட்டுவான், கேரள பஸ் கண்டக்டரும் கை காட்டுவான். மலைக்குக் கீழே கூடலூரில் மூணாங்கிளாஸ் பாதியில் நின்றவன், பதினோரு வயசில் தனியாக மலை ஏறி வந்தான். அடுத்தவர் கடையில் காஜா எடுத்தான், பித்தான் கட்டினான், கடை வாசலிலேயே படுத்தான். இருபத்திரண்டு வயசில் சொந்த மிஷின் வாங்கினான், ரொக்கம் கொடுத்து. இன்றைக்கு நாலு மிஷின், ஒரு ஓவர்லாக், ரோசாப்பூக்கண்டத்தில் ஒரு வீடு. லோன் வேண்டுமா என்று கடை தேடி வந்த பேங்க் ஆளையே உட்காரவைத்து இரண்டு சட்டைக்கு அளவெடுத்து அனுப்பினவன் வேல்முருகன். அப்படிப்பட்டவனுக்குத்தான் இந்தக் கடன்.

கராத்தேக்கு அவன் போனதும் தொழில் வழியாகத்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால், கடைக்கு மேல்மாடியில் இருந்த ஏலக்காய்க் கிட்டங்கி காலியானது. கட்டப்பனையிலிருந்து ஜின்சன் மாஸ்டர் வந்து அதை வாடகைக்குப் பிடித்தார். திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் வகுப்பு. நாற்பது உடுப்பு தைக்கவேண்டும் என்று வேல்முருகனிடம் ஆர்டர் கொடுத்தார். எங்கேயோ ரெடிமேடாக வாங்கின ஒரு உடுப்பை மாதிரிக்குக் கொடுத்தார். வேல்முருகன் அதை விரித்துப் பார்த்துச் சிரித்தான்.

"மாஸ்டரே, இதைப் போட்டுக்கிட்டு எவனாச்சும் காலைத் தூக்கினான்னா ரெண்டா கிழிஞ்சிரும். கவட்டுல ஒரு துண்டு வைக்கணும். எவ்வளவு உசரத்துக்குத் தூக்குறாங்கன்னு நான் பாக்கணுமே."

பார்க்கப் போனவன்தான். காலைத் தூக்குகிறதைப் பார்த்தான், கவட்டுத் துண்டுக்குக் கணக்குப் போட்டான், இந்த வித்தை நமக்கும் வரும்போல இருக்கிறதே என்று மூணாம் நாள் தானும் ஒரு உடுப்பு தைத்துப் போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றான். அப்போது நாற்பத்தெட்டு வயசு. மிஷின் மிதித்த கால். அவன் உதைத்தால் காற்று சத்தம் போடும்.

அதே நாளில் வந்து சேர்ந்தவன் முஸ்தபா. பூர்வீகம் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. தேக்கடி ரோட்டில் ஏலம், மிளகு, கிராம்பு விற்கிற கடை. வேல்முருகனைவிட ஏழு வயசு இளையவன், ஒரு சாண் குள்ளம், நல்ல தொப்பை. சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை அசைக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். காலைத் தூக்கினால் முழங்கால் தாண்டாது. ஆனால் காது இருக்கிறதே, அது வேறே ஜாதிக் காது. டூரிஸ்ட் பஸ்ஸில் வந்து இறங்குகிற ஒவ்வொரு நாட்டுக்காரனுக்கும் அவனவன் பாஷையில் வணக்கம் சொல்லி மிளகு விற்கிறவன் அவன். ஜின்சன் மாஸ்டர் ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வான்.

கராத்தேயில் எல்லாமே ஜப்பான் வார்த்தைதான். கட்டளை ஜப்பான், எண்ணிக்கை ஜப்பான், உதைக்குப் பேர் ஜப்பான். கீழே வீசித் தடுத்தால் கெடான் பராய். முன்னால் உதைத்தால் மாய் கேரி, பக்கவாட்டில் உதைத்தால் யோக்கோ கேரி. ஆரம்பி என்பதற்கு ஹஜிமே, நிறுத்து என்பதற்கு யாமே, திரும்பு என்பதற்கு மவாத்தே. மாஸ்டர் இதையெல்லாம் ஒரு தாளில் மலையாளத்தில் அச்சடித்துக் கொடுத்தார். வேல்முருகன் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். தாளை நாலாக மடித்து மிஷின் டிராயரில் போட்டவன் அப்புறம் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை. மாஸ்டர் கூப்பிடுவார், இவன் கையும் காலும் சரியாகப் போய் நிற்கும். தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது. "மூணாங்கிளாஸ்காரன் ஜப்பான் பாஷை பேசுறேன் பாத்துக்க" என்று பூமாரியிடம் சொல்வான். பூமாரி அவன் பெண்டாட்டி, வண்டிப்பெரியார் எஸ்டேட்டில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும் படித்தவள். ஓவர்லாக் மிஷினில் அவள்தான் உட்காருவாள்.

பெல்ட்டின் நிறம் வெள்ளையிலிருந்து மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், ஊதா. நடுவில் கொரோனா வந்து ஒன்றரை வருஷம் வகுப்பு நின்று, மறுபடி நடந்து, இருவரும் ஒரே நிறத்தில்தான் ஏறி வந்தார்கள். அந்தப் பரீட்சையெல்லாம் ஜின்சன் மாஸ்டரே வைத்தார். பிரவுன் பெல்ட்டுக்கு மட்டும் எறணாகுளத்திலிருந்து பெரிய மாஸ்டர் வரவேண்டும். கபிரியேல் சார் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வரிசையில் நிற்கும் முன்னால் ஆளுக்கு இரண்டாயிரம் கட்டவேண்டும். வேல்முருகன் இடுப்பைத் தடவினான். கராத்தே உடுப்புக்குப் பாக்கெட் கிடையாது. கை மாட்டிக்கொள்ளும், வைக்கக்கூடாது என்று மாஸ்டருக்கே சொல்லித் தைத்தவன் அவன்தான். பணம் சட்டையில். சட்டை வீட்டு ஆணியில்.

"இருங்க, நான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்துர்றேன்."

"எங்கீங்ண்ணா போறீங்க? கூப்புட்டாச்சு பாருங்" என்று முஸ்தபா போனை எடுத்தான். மேஜையில் இருந்த க்யூஆர் அட்டைக்கு நேரே காட்டினான், டிங் என்று ஒரு சத்தம். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டியாகிவிட்டது.

"சாயங்காலம் கையில குடுத்துர்றேன் பாய்."

"அப்புறம் பாத்துக்கலாமுங்ண்ணா. பணம் எங்க போகுது?"

பதினோரு பேர், இரண்டு வரிசை. குள்ளமானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால். வழக்கம்போல முஸ்தபாவுக்கு நேர் பின்னால் வேல்முருகன். கபிரியேல் சார் கூப்பிட ஆரம்பித்தார். வேல்முருகன் அன்றைக்குச் செய்ததைப் பார்த்து அவரே தலையை ஆட்டினார். உதை ஒவ்வொன்றும் நெஞ்சு உயரத்துக்குப் போனது. முன்னால் முஸ்தபா முழங்கால் உயரத்துக்கு உதைத்துக்கொண்டிருந்தான். பிரவுன் பெல்ட் நம் இடுப்புக்கு வந்தாயிற்று, பாய்க்குச் சந்தேகம்தான் என்று வேல்முருகன் மனசுக்குள் பாவப்பட்டான்.

"மவாத்தே!" என்றார் சார்.

எல்லோரும் திரும்பினார்கள். வகுப்பிலும் மவாத்தே உண்டு. ஆனால் அங்கே போகும்போது என்ன குத்தோ, திரும்பி வரும்போதும் அதே குத்துதான். சார் அப்படி விடவில்லை. திரும்பி நின்றவர்களுக்குப் புதுசாகக் கூப்பிட்டார்.

"கிபா தாச்சி! யோக்கோ கேரி!" காலை அகட்டி நின்று பக்கவாட்டில் உதை என்று அர்த்தம்.

பின்வரிசை முன்வரிசையாகியிருந்தது. வேல்முருகனுக்கு முன்னால் சுவர். சுவரில் ஏதோ ஏலக்காய்க் கம்பெனியின் போன வருஷத்துக் காலண்டர். அந்த வார்த்தையை ஐந்து வருஷமாகக் கேட்டிருக்கிறான், ஆனால் அது காதுக்குள் போய் வெறும் சத்தமாக நின்றது. கை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம், ஒன்றும் தெரியவில்லை. ஏதாவது செய்யவேண்டுமே என்று முன்னால் ஓங்கி ஒரு உதை உதைத்தான். காலண்டர் ஆடியது. அடுத்ததற்குக் குத்தினான், அது தடுக்கவேண்டிய இடம். அதற்கடுத்ததில் சும்மா நின்றான். பின்னால் முஸ்தபாவின் மூச்சு ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் கபிரியேல் சார் அவனைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்தார். "சேட்டனோட காலு கொள்ளாம். செவி போரா." கால் நன்றாயிருக்கிறது, காது போதாது என்று அர்த்தம். பத்துப் பேர் பாஸ். தோற்றது அவன் ஒருத்தன்தான்.

அன்றைக்கு அவன் இறங்கிப் போனபோது, முஸ்தபாவிடம் பணத்தைக் கொடுக்கவில்லை. தோற்ற பரீட்சைக்கு எப்படிக் காசு கொடுப்பது? கையில் கொடுத்தால், ஆமாம் தோற்றேன் என்று இரண்டாயிரம் ரூபாய்க்கு ரசீது எழுதிக் கொடுத்த மாதிரி. அதே நிறம் என் இடுப்பிலும் ஏறட்டும், அன்றைக்கு உன் கையில் எண்ணி வைக்கிறேன் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டான்.

அடுத்த வகுப்பில்தான் விஷயம் அவனுக்கு முழுசாக விளங்கியது. பிரவுன் பெல்ட்காரர்கள் எல்லாருக்கும் முன்னால் வலது ஓரத்தில் நிற்பது அந்த வித்தையின் முறை. வயசு, உயரம் எதுவும் செல்லாது, பெல்ட்தான் கணக்கு. முஸ்தபா அங்கே போய்விட்டான். வேல்முருகனுக்கு முன்னால் வேறு ஒருவன். மாஸ்டர் கூப்பிட்டார், வேல்முருகனுக்குக் கை வரவில்லை. கண் தானாக வலது ஓரத்துக்கு ஓடியது. ஓடின பிறகுதான் தெரிந்தது.

டெய்லர் கண் அது. முஸ்தபாவுக்கு அளவெடுத்தவன் அவன். முஸ்தபாவுக்கு இடது தோள் வலது தோளைவிட அரை இஞ்சு தாழ்வு. அந்த இடது தோள் இன்னும் கொஞ்சம் இறங்கினால் கெடான் பராய் வரப்போகிறது. முதுகுத் தையல் வலது பக்கம் இழுத்தால் மாய் கேரி. கழுத்துப்பட்டி மேலே ஏறினால் தலைக்கு மேலே தடுப்பு. கை அசையும் முன்னாலேயே உடுப்பு சொல்லிவிடும், இவனும் கூடவே செய்துவிடுவான். ஒரு கண்ணிமை தாமதம்கூட இருக்காது. ஐந்து வருஷம் அவன் ஜப்பான் வார்த்தை படிக்கவே இல்லை. முஸ்தபாவின் முதுகைப் படித்திருக்கிறான்.

இதை யாரிடம் சொல்வது? பொறாமை என்றால் மற்றவர்களுக்கு வயிறு எரியும். வேல்முருகனுக்குக் கண்ணே எரிந்தது.

போதாததற்கு வகுப்பு முறை வேறு. மேல் பெல்ட்டில் இருப்பவனைக் கீழ் பெல்ட்காரன் செம்பாய் என்று கூப்பிடவேண்டும், கும்பிடுகிற மாதிரி குனியவேண்டும். ஏழு வயசு இளையவனுக்கு, காலைத் தூக்கத் தெரியாதவனுக்கு, வேல்முருகன் குனிந்தான். குனியும்போது தரையைப் பார்த்தே குனிந்தான்.

"பாயா இருந்தவரு செம்பாய் ஆயிட்டாரு" என்றாள் பூமாரி. "நீங்க டெய்லராவே இருக்கீங்க."

"வாயைக் குறை. அவன் உதை முழங்காலுக்கு மேல போகாது."

"முழங்காலுக்குக் கீழயே உதைச்சு பாஸாயிட்டாருல்ல, அதச் சொல்லுங்க."

அந்த வாரமே முஸ்தபா கடைக்கு வந்தான். கையில் பிரவுன் பெல்ட். ஒரு முனையில் அவன் பேரைத் தங்க நூலில் தைத்துக் கொடுக்கவேண்டுமாம். கூடவே புது உடுப்புக்குக் கனத்த வெள்ளைத் துணி.

"பழசு லூசாப் போச்சுங்ண்ணா. மறுபடி அளவெடுத்துருங்."

எடுத்தான். இடுப்பு நாற்பதிலிருந்து முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. வேல்முருகனுடைய இடுப்பு முப்பத்தாறிலிருந்து முப்பத்தெட்டுக்கு ஏறியிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே அளவு. டேப்பை உதறிச் சுருட்டினான்.

போகும்போது முஸ்தபா கல்லாவைப் பார்ப்பான், பணத்தை நினைப்பான் என்று வேல்முருகன் காத்திருந்தான். முஸ்தபா பார்க்கவில்லை. "மெதுவாக் குடுங், அவசரமில்லீங்" என்று தையலைத்தான் சொல்லிவிட்டுப் போனான். அதுவும் கடனைச் சொன்ன மாதிரியே பட்டது.

பேரைத் தைத்தான். முஸ்தபா என்று நாலு எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தன் பேராக இருக்கவேண்டியது என்று நினைத்துக்கொண்டே தைத்தான். வேல்முருகன் என்று தைத்தால் ஆறு எழுத்து வரும், இன்னும் எடுப்பாக இருக்கும். அப்புறம் கால்சட்டைக்கு வந்தான். கவட்டுத் துண்டைச் சேர்க்கிற இடம். வழக்கமாக இரட்டைத் தையல், மேலே ஒரு அழுத்துத் தையல். ஒற்றைத் தையல் போட்டு விட்டால் போதும். அடுத்த வெள்ளிக்கிழமை செம்பாய் எல்லோர் முன்னாலும் காலைத் தூக்குவார், டர் என்று ஒரு சத்தம் வரும். ஒற்றைத் தையல் போட்டான். துணியைக் கையில் பிடித்து இழுத்துப் பார்த்தான், விட்டுக்கொடுத்தது. ஒரு நிமிஷம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தான்.

பிறகு கத்தரியை எடுத்து அந்தத் தையலைப் பிரித்தான். கிழிந்தால் பஜாரில் என்ன பேச்சு வரும்? முஸ்தபா கிழித்தான் என்றா வரும்? வேல் டெய்லர் தைத்தது கிழிந்தது என்று வரும். நாற்பது வருஷத்தில் அவன் தைத்த கவடு கிழிந்ததாக ஒரு ஆள் சொன்னதில்லை. இந்த முஸ்தபாவுக்காக அந்தப் பேரைக் கெடுத்துக்கொள்வதா? இரட்டைத் தையல் போட்டு, கோபத்தில் மூணாவதாகவும் ஒன்று போட்டான். குமுளியில் அதைவிடக் கெட்டியான கால்சட்டை இன்றைக்கும் கிடையாது.

ஓணத்துக்கு வியாபாரிகள் சங்கம் பஸ் ஸ்டாண்டில் பந்தல் போட்டு விழா நடத்தியது. கராத்தே காட்டச் சொன்னார்கள். ஜின்சன் மாஸ்டர் மைக்கை முஸ்தபா கையில் கொடுத்தார். இச்சி என்று அவன் மைக்கில் சொன்னால் வேல்முருகன் குத்தவேண்டும், நி என்றால் அடுத்த குத்து, சான் என்றால் அடுத்தது. பத்து வரைக்கும், மறுபடி பத்து வரைக்கும். தனக்குத் துணி கொண்டுவருகிற ஆட்கள், கூலி பாக்கி வைத்திருக்கிற ஆட்கள், எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆட்டுவிக்கிறவன் மிளகுக் கடைக்காரன், ஆடுகிறவன் வேல் டெய்லர். முடிந்து இறங்கும்போது டீக்கடை சங்கையா, "முஸ்தபா பாய் என்னமா ஜப்பான் பேசுறாருய்யா, அங்கயே பொறந்தவரு மாதிரி" என்றார். வேல்முருகன் அவர் கடையில் ஒரு மாசம் டீ குடிக்கவில்லை.

அன்றைக்குத்தான் டிராயரைக் குடைந்து அந்தத் தாளை எடுத்தான். மடிப்பில் எண்ணெய்க் கறை. பூமாரியின் முன்னால் வைத்தான்.

"இதைப் படி."

"எதுக்கு? நீங்கதான் ஜப்பான் பாஷை பேசுவீங்களே."

"படிக்கிறியா, இல்ல அந்த ஜோமோள் டீச்சர்கிட்டக் கொண்டுபோய்ப் படிச்சுக்கவா?" ஜோமோள் டீச்சர் ஜாக்கெட் தைக்க வருகிறவள். அவளுக்குத் தெரிந்தால் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரியும்.

பூமாரி படித்தாள். முதலில் ஒரு வாரம் ஒன்றும் ஏறவில்லை. ஒரு வார்த்தை உள்ளே வந்தால் ஒன்று வெளியே போனது. அப்புறம் வேல்முருகன் தன் தொழில் வழிக்கே வந்தான். அவன் எதையும் தாளில் வைத்துப் படித்தவன் இல்லை. ஆயிரம் ஆளுடைய அளவு அவன் தலைக்குள் இருக்கிறது, ஆனால் அந்த ஆள் எதிரே நின்று, டேப் உடம்பில் பட்டால்தான் அது உள்ளே போகும். ஆகவே டேப்பில் கட்டினான். ஜோடான் என்றால் முகம், கழுத்துப் பக்கம், காலர் அளவு. சூடான் என்றால் நெஞ்சு, மார்பு அளவு. கெடான் என்றால் இடுப்புக்குக் கீழே, சீட் அளவு. கடைக்கு வந்தவர்களை நிற்கவைத்து டேப்பைப் போட்டுக் கத்த ஆரம்பித்தான். "ஜோடான் பதினஞ்சரை! சூடான் நாப்பது! கெடான் நாப்பத்திரண்டு!" பூமாரி அதை நோட்டில் எழுதினாள். ஒரு நாள் மார்பளவு கொடுக்க நின்ற ஆட்டோ டிரைவர் பயந்து, "அண்ணே, எனக்குச் சாதாச் சட்டை போதும்ண்ணே" என்றான்.

உதைக்குப் பேர் வேறு விதம். கால்சட்டையைப் பலகையில் விரித்து, முன்பக்கத் தையல் மாய், பக்கத் தையல் யோக்கோ, இடுப்பைச் சுற்றி வருகிற பட்டி மவாஷி என்று தொட்டுத் தொட்டுச் சொன்னான். பித்தான் கட்டும்போது இச்சி, நி, சான். பூமாரி ஓவர்லாக்கில் இருந்தபடியே வேண்டுமென்றே கண்ட வரிசையில் கத்துவாள். "யோக்கோ கேரி!" இவன் மிஷினை விட்டு எழுந்து, வெட்டின துணிகளுக்கு நடுவே நின்று பக்கவாட்டில் உதைப்பான். தப்பு செய்தால் அவள் சிரிக்கமாட்டாள், அதே வார்த்தையை மறுபடி கத்துவாள். அவள் சிரிக்காமல் இருந்தது அவனுக்குப் பிடித்தது.

முஸ்தபாவின் பக்கம் பார்ப்பதில்லை என்று சபதம். வகுப்பில் கண்ணைச் சுவரில் வைத்துப் பழகினான். ஆனாலும் கண் திருடும். அந்தத் தாழ்ந்த தோளைத் தேடும். தேடின ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போகிற வழியில் தன்னையே திட்டிக்கொண்டு போனான்.

அடுத்த மே மாசம் பரீட்சை. இந்தத் தடவை பிரவுன் பெல்ட்டுக்கு மூணே பேர், ஒரே வரிசை. இவன் பணத்தை முதல் நாளே ஜின்சன் மாஸ்டர் கையில் கொடுத்து ரசீது வாங்கினான். அப்போது மாஸ்டர் சொன்னார்: "கபிரியேல் சார்க்கு தொண்டை சரியில்லா. நாளைக்கு முஸ்தபா விளிக்கும். சார் இருந்து நோக்கும்."

முஸ்தபா கூப்பிடுவான், சார் உட்கார்ந்து பார்ப்பார். வேல்முருகனுக்கு ஒரு பக்கம் பற்றிக்கொண்டு வந்தது. தன் பெல்ட்டை இந்த ஆளின் வாயிலிருந்துதான் வாங்கவேண்டுமா? இன்னொரு பக்கம், சொல்லவே கூசுகிறது, ஒரு நிம்மதியும் வந்தது. முஸ்தபா ஜின்சன் மாஸ்டரின் சிஷ்யன், அவர் வழக்கமாகக் கூப்பிடுகிற வரிசையில்தானே கூப்பிடுவான்? குத்து, மேல் தடுப்பு, நடுத் தடுப்பு, கெடான் பராய், அப்புறம் மாய் கேரி. அந்த வரிசை வேல்முருகனுக்குத் தூக்கத்தில்கூட வரும். பழகின ஆள், அதற்குக்கூட உதவமாட்டானா?

ராத்திரி உட்கார்ந்து தன் உடுப்பில் ஒரு வேலை செய்தான். நெஞ்சுக்கு உள்பக்கம், வெளியே தெரியாமல், ஒரு பாக்கெட். அதற்குள் பத்து இருநூறு ரூபாய் நோட்டை வைத்து வாயைத் தைத்துவிட்டான்.

காலையில் மூணு பேரும் நின்றார்கள். கபிரியேல் சார் கழுத்தில் மப்ளர் சுற்றி நாற்காலியில் இருந்தார். கீழே கடையில் பூமாரி ஓவர்லாக்கை ஓட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சத்தம் இல்லாததிலிருந்தே வேல்முருகனுக்குத் தெரிந்தது. முஸ்தபா எதிரே வந்து நின்றான். மூணு தையல் போட்ட அந்தக் கால்சட்டை. தங்க நூலில் பேர்.

"ஹஜிமே!"

முதல் வார்த்தையே யோக்கோ கேரி.

வேல்முருகனுக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. வரிசையில் முதலாவது அது இல்லையே! வேண்டுமென்றே செய்கிறான். போன தடவை எந்த வார்த்தையில் விழுந்தேனோ அதே வார்த்தையில் மறுபடி தள்ளப் பார்க்கிறான். ஆனால் இதெல்லாம் மனசில் ஓடி முடியும் முன்னாலேயே கால் பக்கவாட்டில் போய்விட்டது. பக்கத் தையல், யோக்கோ. பலகையில் தொட்ட விரல் காலில் இருந்தது.

அடுத்து கெடான் பராய். அடுத்து மவாஷி கேரி. அப்புறம் குத்து, உடனே மவாத்தே, திரும்பின கையோடு அகே உகே. தலைக்கு மேலே தடுப்பு. இப்படி ஒரு வரிசையை ஜின்சன் மாஸ்டர் ஏழு வருஷத்தில் கூப்பிட்டதில்லை. முஸ்தபாவின் முகம் எதிரே இருந்தது, முதுகு இல்லை. அந்த முகத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. வேல்முருகன் ஆத்திரத்தோடு காதைத் தீட்டி வைத்துக்கொண்டான். வார்த்தை வருவதும் உடம்பு போவதும் ஒன்றாகியிருந்தது. பக்கத்தில் இருந்த பையன்கள் இரண்டு இடத்தில் தடுமாறியது காதில் கேட்டது. அவன் தடுமாறவில்லை. திரும்பி நின்றபோது அதே சுவர், வேறு காலண்டர். அதைப் பார்த்துக்கொண்டே பதினெட்டு உதை உதைத்தான்.

"யாமே!"

கபிரியேல் சார் தொண்டை கட்டின குரலில் ஜின்சன் மாஸ்டரிடம் ஏதோ சொன்னார். மாஸ்டர் சிரித்துக்கொண்டே அதைத் தமிழாக்கினார். "வரிசை மாத்தி விளிச்சது நல்லாச்சு, ஈ சேட்டனுக்கு ஒள்ளபடி அறியாம்னு இப்போ மனசிலாயி, அப்படிப் பறையுது சார்." வரிசை கலைந்ததால்தான் இந்த ஆளுக்கு உண்மையாகவே தெரியும் என்று தெரிந்தது என்றார். மூணு பேருக்கும் பெல்ட். வேல்முருகன் இடுப்பில் பிரவுன் ஏறியது.

மற்றவர்கள் போட்டோ எடுக்கப் போனார்கள். வேல்முருகன் முஸ்தபாவை ஜன்னல் பக்கம் கூட்டிப் போனான்.

"ஏன்யா அப்படிக் கூப்பிட்ட? என்னைத் தள்ளிவிடப் பாத்தியா?"

"வளக்கமான வரிசைல கூப்புட்டிருந்தா பாஸாயிருப்பீங்க. பொறவு ராத்திரி படுத்துட்டு, முஸ்தபா தயவுல வந்த பெல்ட்டுன்னு நெனப்பீங்க. ரெண்டாயிரத்தையே ஒரு வருசமாச் செமக்கறீங்க. அதுக்கு மேல ஒரு கடன் தாங்குவீங்களா நீங்க?"

வேல்முருகன் புது பெல்ட்டின் முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டான். "உனக்குத் தெரியுமா? நான் உன் முதுகைப் பாத்து..."

"அஞ்சு வருசமா என்ற முதுவு எரிஞ்சுட்டே இருந்துச்சுங்ண்ணா. தெரியாம இருக்குமா?"

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அன்னிக்கே உடுப்பக் கழட்டி வெச்சுட்டுப் போயிருப்பீங்க. உங்க அளவுக்கு ஒதைக்கறதுக்கு எனக்கு இன்னும் வரல. பொறத்தால உங்க ஒதை சத்தங் கேட்டாத்தான் என்ற காலும் கொஞ்சம் எந்திரிக்கும்."

இதைக் கேட்டு மனசு லேசாகியிருக்கவேண்டும். ஆனது உண்மைதான். ஆனால் அதே மூச்சில், அடுத்த வருஷம் இவன் பிளாக் பெல்ட்டுக்குப் போவான், மறுபடி ஒரு படி மேலே நிற்பான் என்ற நினைப்பும் வந்து உட்கார்ந்தது. அது வேல்முருகனுடைய ரத்தத்தில் இருக்கிறது, ஒரு பரீட்சையில் போகிற சாமான் இல்லை.

"கையை நீட்டு" என்றான்.

உடுப்பின் நெஞ்சுப் பக்கத்தை விலக்கினான். உள்பாக்கெட்டின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். முஸ்தபா அதைக் குனிந்து பார்த்தான்.

"கராத்தே உடுப்புக்குப் பாக்கெட் ஆகாதுன்னீங்களே?"

"என் உடுப்பு, என் பாக்கெட். கையை நீட்டுன்னேன்."

முஸ்தபா வலது கையை விரித்து நீட்டினான். வியர்வையில் நனைந்த பத்து நோட்டு. வேல்முருகன் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி எண்ணினான்.

"இச்சி." ஒரு நோட்டு. "நி. சான். ஷி." போட்டோவுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கோ. ரோக்கு." கீழே ஓவர்லாக் ஓட ஆரம்பித்தது. முஸ்தபாவின் உதடு அடுத்த எண்ணைச் சொல்லத் துடித்தது.

"வாயை மூடு செம்பாய். நான் எண்ணுறேன்." அடுத்த மூணு நோட்டையும் ஒவ்வொன்றாக, சுருக்கம் நீவி வைத்தான். "ஷிச்சி. ஹச்சி. கூ."

கடைசி இருநூறை மேலே வைத்து, பித்தான் வைத்து அழுத்துகிற மாதிரி கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினான்.

"ஜூ."